‘வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே’ என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வேலை இழப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வேலை போனவரின் மனம் என்ன பாடுபடும், வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் பக்கபலமாக நிற்க வேண்டும் என்று அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஆனால் கட்டுரையில் வேலை இழந்த எல்லோரும் ஆண்கள். தேற்றுகிறவர்கள் எல்லோரும் மனைவிகள். வேலை போனது மனைவிக்கு என்றால் அவளை யார் தேற்றுவது, அவளிடம் என்ன பேசுவது என்று ஒரு வரிகூட இல்லை. கட்டுரையாளர் மீது எனக்குக் கோபமில்லை. நம் ஊரில் பொதுவாகவே பெண்ணுக்கு வேலை போனால் அதை யாரும் இழப்பாக எண்ணுவதில்லை. நான் அதை அனுபவித்தவள். அதனால்தான் இந்தக் கடிதம். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோடு பக்கம் எங்கள் ஊர். 2005-இல் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் துறை விரிவுரையாளராகச் சேர்ந்தேன். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக பிஎச்.டி. முடித்து இணைப் பேராசிரியை ஆனேன். கான்கிரீட் தொழில்நுட்பம்தான் எனக்குப் பிடித்த பாடம். காலையில் வகுப்பு, மதியம் ஆய்வகம், வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சர்வே கேம்ப், ராத்திரி உட்கார்ந்து இன்டர்னல் பேப்பர் திருத்துவது என்று ஓடிய வாழ்க்கை. ஊரில் யார் வீட்டில் தளம் போட்டாலும், ‘காலேஜ் மேடத்தை ஒரு எட்டு வந்து கம்பி கட்டினதைப் பாக்கச் சொல்லுங்க’ என்பார்கள். போய்ப் பார்ப்பேன். கம்பிக்கு அடியில் இடைவெளி விட வைக்கும் சின்னக் கட்டையான கவரிங் பிளாக் இல்லாமல் கம்பியைப் பலகை மேலேயே படுக்க வைத்திருந்தால் மேஸ்திரியிடம் சண்டை போடுவேன். அந்தச் சண்டைகூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சிவில் துறைக்கு வந்த கதி வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். நான் சேர்ந்து சில வருடங்களில் சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் நல்ல கிராக்கி வந்தது. எங்கள் துறையில் இரண்டு செக்‌ஷன் ஓடியது. அப்புறம் பிள்ளைகள் மெல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போய்விட்டார்கள். 2018-19 கல்வியாண்டில், 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விதியை 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் (ஏஐசிடிஇ) தளர்த்தியது. கேட்க சின்ன மாற்றம்தான். வருடத்துக்கு 60 பேர் என்றால் நான்கு வருடத்துக்கும் சேர்த்து 240 பேர். அவர்களுக்கு 16 ஆசிரியர் வேண்டியிருந்த இடத்தில் 12 பேர் போதும் என்றாகிவிட்டது. ஒரே விதியில் ஒரு துறைக்கு நான்கு பேர் உபரி. 2024-25-இல், தகுதியுள்ள கல்லூரிகள் ஒரு பாடப்பிரிவில் எத்தனை இடம் வைக்கலாம் என்ற உச்சவரம்பும் போனது. கேட்பு உள்ள பிரிவில் செக்‌ஷன் கூடக் கூட, எங்களைப் போன்ற துறைகளில் வகுப்பறைகள் காலியாயின.

கடைசி சில வருடங்களில் மே, ஜூன் மாதங்கள் வந்தால் வயிற்றைக் கலக்கும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் முகவரிப் பட்டியலைக் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்புவார்கள். ஆளுக்கு இத்தனை அட்மிஷன் பிடித்துவர வேண்டும். கொரோனா காலத்தில் பாதியாகக் குறைந்த சம்பளம் முழுசாகத் திரும்பவும் ரொம்ப நாள் ஆனது. இதையெல்லாம் சகித்துக்கொண்டு இருந்தோம். வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் மற்றதெல்லாம் மறந்துவிடும் என்பதுதான் காரணம்.

ஒரு செமஸ்டர் முடிந்து விடைத்தாள் திருத்தும் பணிக்குப் போய்வந்த வாரத்தில் அழைப்பு வந்தது. ‘சிவிலுக்கு இந்த வருஷம் அட்மிஷன் எடுக்கறதில்லைன்னு மேனேஜ்மென்ட்ல முடிவு பண்ணிட்டாங்க மேடம். நீங்களே ராஜினாமா லெட்டர் கொடுத்துட்டா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் நல்லபடியா வாங்கிக்கலாம்’ என்றார்கள். சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட என் அசல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில் இருந்தன. கடிதம் கொடுத்தால்தான் அவை கிடைக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே துறையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என் எண்ணை நீக்கிவிட்டார்கள்.

அந்தக் கடிதம் என்னை இன்னொரு விதத்திலும் கட்டிப்போட்டது. காகிதத்தைப் பார்த்தால் நானாகத்தான் வேலையை விட்டேன். சொந்தக்காரர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ‘அதான் நீயே எழுதிக் குடுத்துட்டியே’ என்று என் சித்தி கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார். அன்று ராத்திரி, ‘விடு, என் சம்பளம் இருக்கு, நீ ஏன் கவலைப்படறே’ என்றார். மனதார ஆறுதலாகத்தான் சொன்னார். என் அத்தை என் தலையைத் தடவி, ‘நல்லதாப் போச்சு கண்ணு, இத்தனை வருஷம் ஓடியோடி ஒழைச்சே, இனி கொஞ்சம் ஒக்காரு’ என்றார். பக்கத்து வீட்டு அக்கா, ‘நீ குடுத்து வெச்சவ, வீட்டுக்காரர் கவர்மென்ட்ல இருக்காரு’ என்றார். பள்ளிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் அங்கேயும் இதே பேச்சு. இவர்களில் ஒருத்தருக்கும் என் மேல் துளி வன்மம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளே ஏதோ அடைத்துக்கொள்ளும். என்னிடமிருந்து பறிபோனது என்ன என்று இவர்களுக்குத் தெரியவே இல்லை, சொன்னாலும் புரியாது என்ற தனிமை அது. சம்பளம் இல்லாமல் சமாளித்துவிடலாம் என்பது எனக்கும் தெரியும். அதைப் பற்றி நான் அழவில்லையே.

காலையில் கல்லூரிப் பேருந்து எங்கள் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போகும். உடம்பு தானாக எழுந்து நிற்கும். விடிவதற்கு முன்பே விழிப்பு வந்து, அன்றைக்கு எந்தப் பாடம் நடந்திருக்கும் என்று மனம் கணக்குப் போடும். சேலைக்கு மேலே நாங்கள் போடும் ஓவர்கோட், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து மடித்து வைக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. மகளின் பள்ளியில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். தாயின் தொழில் என்று கேட்டிருந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. மகளே வாங்கி ‘பேராசிரியை’ என்று எழுதினாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘வீட்டில்தானே இருக்கிறாள்’ என்று ஆனதும் வேலைகள் ஒவ்வொன்றாக என் தலையில் வந்து இறங்கின. பேங்குக்கு, ரேஷன் கடைக்கு, மாமாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, கொழுந்தனார் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் நான்தான். வேலை போன ஆணுக்காவது ஒரு மூலையில் உட்கார்ந்து துக்கப்பட ஊர் இடம் கொடுக்கிறது. எனக்கு அதற்கும் நேரம் கிடைக்கவில்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது என் அப்பா, ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டியில் பங்குதாரர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய் மாதக்கணக்கில் தங்கி போர் போட்டுவிட்டு வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வருடம் தொழில் படுத்துவிட்டது, தவணை நின்றது, ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா பேச்சு மூச்சில்லாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஊரே வந்தது. பங்காளிகள், மாமன் மச்சான் எல்லோரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெரியப்பா ஒரு மூட்டை நெல்லைக் கொண்டுவந்து இறக்கினார். தெரிந்தவர் ஒருத்தர் தன் வண்டிக்கு மேனேஜராக வரச் சொன்னார். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அம்மா விசைத்தறி ஓட்டிக் கொண்டுவந்த கூலியில். ஆனாலும், ‘பொண்டாட்டிதான் சம்பாதிக்கிறாளே, உனக்கென்ன கவலை’ என்று அப்பாவிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய அவமானம் என்று எல்லோருக்கும் தெரியும். அதே சொல்லை என்னிடம் எல்லோரும் ஆறுதலாகச் சொன்னார்கள்.

என் கல்லூரியில் எம்பிஏ துறையில் இருந்த தோழி ஒருத்தி, பழைய ஆய்வு ஒன்றைப் பற்றி எனக்குச் சொன்னாள். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குத் தெற்கே மரியன்தால் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரே ஒரு துணி ஆலையை நம்பி இருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது ஆலையை மூடிவிட்டார்கள். மாரி யாஹோடா என்ற இளம் பெண்ணும் அவருடைய சகாக்களும் 1931, 32-இல் அங்கே போய், வேலை போன மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று கூடவே இருந்து பார்த்தார்கள். முடிவுகள் 1933-இல் வெளிவந்தன. நேரம் நிறையக் கிடைத்ததால் ஜனங்கள் நிறையப் படித்திருப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. தெருவில் நடப்பவர்களைக் கடிகாரம் வைத்துக் கவனித்திருக்கிறார்கள். ஆண்களின் நடை தளர்ந்திருந்தது, அடிக்கடி நின்று நின்று போனார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். வீட்டு வேலை காத்திருந்ததே! மேலோட்டமாகப் பார்த்தால் பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அவர்களிடம் உட்கார்ந்து பேசியபோது வேறு கதை வந்தது. ஆலையில் வேலை பார்த்த காலத்தில் வீட்டையும் சேர்த்து இரட்டைப் பாரம் சுமந்த பெண்கள், அந்தப் பாரம் இறங்கிய பிறகும், திரும்ப ஆலைக்குப் போக ஏங்கினார்கள். காசுக்காக மட்டும் இல்லை, நாலு சுவருக்குள் தனியாகக் கிடப்பது ஒரு வாழ்க்கையா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கோ ஒரு நாட்டில் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஆலைத் தொழிலாளிப் பெண் சொன்னது என் வாயிலிருந்து பிடுங்கிய மாதிரி இருந்தது. நான் மட்டும் இப்படி இல்லை என்று முதன்முதலில் தோன்றியது அப்போதுதான்.

யாஹோடா பிற்காலத்தில் இதை இன்னும் தெளிவாகச் சொன்னார். வேலை என்பது கூலி தருவதோடு நிற்பதில்லை. பொழுதுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்களின் பழக்கம், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம், நான் இன்னார் என்ற அடையாளம், கைக்கும் மூளைக்கும் தினமும் ஒரு வேலை, இவ்வளவையும் அது கூடவே தருகிறது. கணவரின் சம்பளம் இதில் எதை ஈடுகட்டும்? என் கணவரிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘உன்ற பாடத்தை இனி யாரு எடுப்பா?’ என்று கேட்டார். வேலை போனதிலிருந்து என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யார் எடுப்பார்கள், எந்த யூனிட்டில் தடுமாறுவார்கள் என்று அன்று ராத்திரி நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றுதான் எங்களுக்குள் இருந்த இறுக்கம் விட்டது.

ஈரோட்டிலிருந்து என் நங்கையா (எங்கள் பக்கம் அண்ணி முறை) வந்ததையும் சொல்ல வேண்டும். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட அவர் சொல்லவில்லை. ‘என்ன நடந்துச்சுன்னு மொதல்ல இருந்து சொல்லு’ என்று கேட்டுவிட்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடுநடுவே, ‘அந்தாளு அப்படியா சொன்னான்?’ என்று கோபப்பட்டார். என் சார்பில் ஒருத்தர் கோபப்பட்டது எவ்வளவு பெரிய மருந்து என்று இந்தக் கடிதத்தில் என்னால் முழுசாகச் சொல்ல முடியாது.

வேலை போன மறுவாரமே எல்லோரும் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பைத்தான் படி, யூடியூப் சேனல் ஆரம்பி, டியூஷன் எடு, போட்டித் தேர்வு எழுது. என் பாடத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கான்கிரீட் வலிமையைச் சோதிக்க 150 மில்லிமீட்டர் கனசதுரம் வார்ப்போம். ஒரு நாள் அச்சில் இருக்கும், எடுத்துத் தண்ணீரில் போடுவோம், 28-ஆம் நாள் இயந்திரத்தில் வைத்துப் பாரம் ஏற்றுவோம். அச்சிலிருந்து எடுத்த கையோடு ஏற்றினால் நல்ல கலவையும் நொறுங்கும். மனிதருக்கு 28 நாள் என்று கணக்குக் கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். அந்த அவகாசத்தைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வீட்டில் அரிசி இல்லாத நிலை என்றால் வேறு வழியில்லை, மறுநாளே எந்த வேலைக்கும் போய்த்தான் ஆக வேண்டும். அப்படிப் போகிற பெண்கள் என்னைவிட எவ்வளவோ கஷ்டப்படுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் எழுத முன்வந்தால் என் கடிதத்துக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

ஒரு நாள் காலையில் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். சங்ககிரி பக்கம் ஒரு கட்டடத்தில் சைட் இன்ஜினியராக இருக்கிறான். ‘மேம், ரெடிமிக்ஸ் வண்டி வழியில மாட்டி லேட்டா வந்துச்சு. கலவை இறுகிடுச்சு. தண்ணி ஊத்தி இளக்கிக்கலாம்னு மேஸ்திரி சொல்றாரு. ஊத்தலாமா?’ என்று பதற்றமாகக் கேட்டான். ஒரு சொட்டு ஊற்றாதே என்றேன். தண்ணீர் கூடினால் சிமென்ட்டோடு அதன் விகிதம் மாறி வலிமை அடிவாங்கும். கலவை போட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்று டெலிவரி சலானைப் பார், கலவை தயாரித்த பிளான்ட்டுக்கு போன் போட்டு அவர்களின் ஆளை வைத்து, கலவையை இளக்கும் ரசாயனமான அட்மிக்ஸ்சரில் சரிசெய்ய முடியுமா என்று கேள், முடியாது என்றால் வண்டியைத் திருப்பி அனுப்பு, மேஸ்திரி கத்தினால் என்னிடம் போனைக் கொடு என்றேன். சாயங்காலம் அவன் திரும்பக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான். என் வேலை போனது அவனுக்குத் தெரியாது. அதனால் தயங்காமல் கேட்டான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். நான் படித்ததும் சொல்லிக்கொடுத்ததும் என்னோடுதான் இருக்கிறது, அதை ராஜினாமாக் கடிதத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ள அவர்களால் முடியவில்லை. இதை அறிவால் அறிவது வேறு. அன்று உடம்புக்கே தெரிந்தது.

என்னோடு வேலை போன ஆண்கள் சங்ககிரி ரோட்டில் ஒரு டீக்கடையில் அடிக்கடி கூடினார்கள். எந்தக் கல்லூரியில் இடம் இருக்கிறது, யார் என்ன செய்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனார், ஒருத்தர் கார் ஓட்டினார். அவர்கள் பட்டதும் சாதாரணக் கஷ்டம் இல்லை. ஆனால் கூடிப் பேச ஓர் இடம் இருந்தது. பெண்களோ ஆளுக்கொரு வீட்டுக்குள் போய்விட்டோம். நான் ஒவ்வொருத்தருக்கும் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்செங்கோடு மலைப்படி ஏறலாம், வாங்க என்று கூப்பிட்டேன். நாலைந்து பேர் வந்தோம். படி ஏறும்போது மூச்சு வாங்கும், பேச்சு வராது. இறங்கும்போது எல்லாம் வெளியே வரும். கெமிஸ்ட்ரி எடுத்த தோழி, வேலை போனதைத் தன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைச் சுற்றி நாங்களும் உட்கார்ந்தோம். இன்றுவரை ஞாயிறு தவறாமல் போகிறோம்.

அந்தத் தோழிக்குத் தூக்கமே போய், சாப்பாடு இறங்காமல், தான் இருந்து என்ன பயன் என்று பேச ஆரம்பித்தபோது நாங்கள் பயந்துவிட்டோம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நான்தான் கூடப் போனேன். பைத்தியம் பிடித்தவர்கள் போகும் இடம் என்று அவள் முதலில் தயங்கினாள். அங்கே டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். பெரிய மாற்றம் ஒன்று வந்ததும் மனம் அதற்கு ஒத்துப்போக முடியாமல் திணறுவது உண்டு, பெரும்பாலும் சில மாதங்களில் அது தணிந்துவிடும். ஆனால் மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெட்டுப்போவது எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் தானாகப் போகும் என்று காத்திருக்கக் கூடாது. சாவைப் பற்றிய பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அவள் மருந்தும் எடுத்தாள், ஆலோசனைக்கும் போனாள், இப்போது நன்றாக இருக்கிறாள். நேரில் போக முடியாதவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம். நாடு முழுக்க 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவை அது. தமிழிலேயே பேசலாம்.

மனதை நிமிர்த்திய இன்னொன்று, கேட்டால் விசித்திரமாக இருக்கும், பணிக்கொடை (கிராஜுவிட்டி) விண்ணப்பம். தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை கிடையாது என்றுதான் எங்களில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருந்தோம். 2009-இல் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களுக்கும் அது பொருந்தும் என்று செய்துவிட்டார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து வருடம் வேலை பார்த்திருந்தால், ராஜினாமா செய்திருந்தாலும், பணிபுரிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கேட்கலாம். உட்கார்ந்து கணக்குப் போட்டு, கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனேன். அதற்கப்புறம் பணம் வந்தது. தொகை பெரிதில்லை. ஆனால் அத்தனை வருடம் நான் அங்கே உழைத்தேன் என்பதற்கு அந்தக் காசோலை ஓர் அத்தாட்சி. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிக் கொடுத்த நாளில் குனிந்த தலை அன்றுதான் நிமிர்ந்தது. உங்களுக்குச் சேர வேண்டியதை, கணவர் சம்பாதிக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள் என்று எல்லாப் பெண்களிடமும் சொல்கிறேன்.

இப்போது நான் ஈரோட்டில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் இருக்கிறேன். சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. கனசதுரங்கள் வருகின்றன, உடைத்துப் பார்த்து அறிக்கை கொடுக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. வகுப்பறை ஏக்கம் போய்விட்டதா என்றால், இல்லை. ஜூலை மாதம் புதுப் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்தால் இன்னும் வலிக்கிறது. அது வலிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில், தெருவில், சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வேலை போயிருந்தால் அவளைப் போய்ப் பாருங்கள். அப்பாவின் திண்ணைக்கு வந்த மாதிரி வாருங்கள். அங்கே என்ன வேலை செய்தாய், யாரோடு செய்தாய், எது உனக்குப் பிடித்திருந்தது என்று கேளுங்கள். பேங்குக்கும் ரேஷன் கடைக்கும் கொஞ்ச நாள் வேறு யாராவது போகட்டும். உங்களுக்குத் தெரிந்த இடத்தில் வேலை இருந்தால், அவள் போவாளோ மாட்டாளோ என்று நீங்களே முடிவு செய்யாமல் அவளிடம் நேராகச் சொல்லுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு விண்ணப்பம். வேலை இழந்த பெண்களைப் பற்றித் தங்கள் நிருபர் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். பொறியியல் கல்லூரிகள் மட்டும் போதாது. பனியன் கம்பெனி, தனியார் பள்ளி, ஐ.டி. நிறுவனம் என்று எல்லா இடத்துப் பெண்களிடமும் கேட்க வேண்டும். எங்கள் மலைப்படிக் கூட்டத்தில் எல்லோரும் பேசத் தயாராக இருக்கிறோம். அந்தப் பக்கத்தின் அடியில் 14416 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள். என் பெயரையும் நான் வேலை பார்த்த இடத்தையும் வெளியிட வேண்டாம். எங்களில் ஒருத்தியின் பணிக்கொடை விவகாரம் இன்னும் முடியவில்லை, அதற்கு இடைஞ்சல் வரக் கூடாது.

இப்படிக்கு,
முன்னாள் இணைப் பேராசிரியை, சிவில் துறை,
திருச்செங்கோடு வட்டம், நாமக்கல் மாவட்டம்.